தேசிய தகவலியல் மையச் சான்றிதழ் பாதுகாப்பு மீறல், 2014

தேசிய தகவலியல் மையச் சான்றிதழ் பாதுகாப்பு மீறல், 2014 என்பது, இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம் நடத்திய சான்றிதழ் வழங்கும் அமைப்பிலிருந்து, கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்களின் இணையத்தளப் பெயர்களுக்கு, அந்நிறுவனங்களின் அனுமதியின்றி எண்ணிமச் சான்றிதழ்கள் வழங்கப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். இது 2014 சூலை மாதத் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. இதன் விளைவாக அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. இந்திய அரசின் மூலச் சான்றிதழை எந்த எந்தப் பெயர்களுக்கு ஏற்பது என்பதற்குக் கூகுள் குரோம் உலாவி எல்லை வகுத்தது. சான்றிதழ் வழங்கும் மென்பொருளிலோ நடைமுறையிலோ ஏற்படும் ஒரு குறைபாடு, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத பயனர்களையும் எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு இந்திய எடுத்துக்காட்டாக அமைகிறது.

எண்ணிமச் சான்றிதழின் பணி

ஒரு பயனர் தம் உலாவியில் ஒரு வங்கியின் முகவரியையோ மின்னஞ்சல் சேவையின் முகவரியையோ இடும்போது, இரண்டு உறுதிகள் தேவைப்படுகின்றன. இடையில் இருப்போர் எவரும் தகவலைப் படிக்கக்கூடாது என்பது ஒன்று. மறுமுனையில் இருக்கும் வழங்கி உண்மையிலேயே அந்நிறுவனத்துடையது தானா என்பது மற்றொன்று. முதலாவதை மறையாக்கம் நிறைவேற்றுகிறது. இரண்டாவதை எண்ணிமச் சான்றிதழ் நிறைவேற்றுகிறது.

இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை. ஏமாற்றுபவரின் வழங்கியுடன் எவ்வளவு வலிய மறையாக்கத்தில் பேசினாலும், கடவுச்சொல் ஏமாற்றுபவரின் கைக்கே சென்று சேரும்.

எண்ணிமச் சான்றிதழ் என்பது ஒரு சிறிய கோப்பு ஆகும். அதில் ஓர் ஆள்களப் பெயர், அப்பெயருக்குரிய பொதுத் திறவுகோல், செல்லுபடியாகும் காலம், வரிசை எண் முதலியன இருக்கும். இவை அனைத்தின் மேலும் ஒரு சான்றளிப்பு நிறுவனத்தின் எண்ணிமக் கையொப்பம் இடப்பட்டிருக்கும். பொதுத் திறவுகோலுக்கு இணையான தனித் திறவுகோலை வைத்திருக்கும் வழங்கி மட்டுமே அச்சான்றிதழைப் பயன்படுத்த இயலும்.

நம்பிக்கைச் சங்கிலி

உலகிலுள்ள எல்லா இணையத்தளங்களின் திறவுகோல்களையும் ஓர் உலாவி அறிந்து வைத்திருக்க இயலாது. ஆகவே சில மூலச் சான்றிதழ்கள் மட்டும் இயங்குதளத்திலோ உலாவியிலோ முன்கூட்டியே பதியப்பட்டிருக்கும். மூலச் சான்றிதழை உடைய அமைப்பு, தன் கையொப்பத்தால் இடைநிலைச் சான்றிதழ்களை வழங்கும். இடைநிலைச் சான்றிதழைப் பெற்ற நிறுவனம், இணையத்தளங்களுக்குச் சான்றிதழ்களை வழங்கும். உலாவி இந்தச் சங்கிலியைக் கீழிருந்து மேலாகச் சரிபார்த்து, தான் அறிந்த மூலத்தில் முடிந்தால் ஏற்றுக்கொள்ளும்.

இதனைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறை வழங்கும் சான்றிதழ்களுடன் ஒப்பிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊரான முட்டம், கல்குளம் வட்டத்தில் அடங்கியது. அவ்வூர் மாணவர் ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துப் பரிந்துரைப்பர். அதன் பின்னரே தக்கலையிலுள்ள வட்டாட்சியர் அலுவலகம் சான்றிதழ் வழங்கும். சென்னையிலுள்ள ஒரு கல்லூரிக்கு அம்மாணவரின் குடும்பத்தையும் தெரியாது, வட்டாட்சியரையும் தெரியாது. வட்டாட்சியருக்கு இவ்வதிகாரத்தை அரசு அளித்துள்ளது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த நம்பிக்கையின் பேரில் சான்றிதழை ஏற்கிறது. இங்கு அரசு மூலத்துக்கும், வட்டாட்சியர் இடைநிலைக்கும், மாணவர் இணையத்தளத்துக்கும் ஒப்பாவர்.

ஆயினும் இவ்விரு முறைகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கல்குளம் வட்டாட்சியர் தம் வட்டத்தில் வாழ்வோருக்கு மட்டுமே சான்றளிக்க இயலும். மதுரையில் வாழும் ஒருவருக்கு அவர் சான்றளித்திருந்தால் அது உடனே ஐயத்துக்கு இடமாகும். இணையச் சான்றிதழ் முறையில் இத்தகைய எல்லை பொதுவாக இல்லை. உலாவி நம்பும் எந்தச் சான்றளிப்பு நிறுவனமும் உலகின் எந்த ஆள்களப் பெயருக்கும் சான்றிதழ் வழங்க இயலும். எனவே ஒரு நாட்டில் இயங்கும் ஒரு வழங்கல் அமைப்பு ஊடுருவப்பட்டால், வேறொரு நாட்டு வங்கியின் பெயரும் ஆபத்துக்கு உள்ளாகிறது. நூறு பூட்டுகள் இருந்தாலும், அவற்றில் எந்த ஒன்றைத் திறந்தாலும் கதவு திறந்துவிடும் என்னும் நிலையை இது ஒத்தது.

இந்தியாவில் சான்றளிப்பு அமைப்பு

இந்தியாவில் எண்ணிமக் கையொப்பங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஆகும். இச்சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 17 ஆம் பிரிவின்படி சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. கட்டுப்பாட்டாளர் இந்தியாவின் மூலச் சான்றளிப்பு அமைப்பை நடத்துகிறார். உரிமம் பெற்ற நிறுவனங்களின் திறவுகோல்களுக்கு அவ்வமைப்பு கையொப்பமிடுகிறது. தேசிய தகவலியல் மையமும் அவ்வாறு உரிமம் பெற்ற அமைப்புகளுள் ஒன்றாக இருந்தது. அரசுத் துறைகளுக்கு இணையத்தளங்களும் வலையமைப்பும் அமைத்துத் தரும் இம்மையம், அரசு அலுவலர்களுக்கும் வழங்கிகளுக்கும் வேண்டிய சான்றிதழ்களை வழங்கி வந்தது.

இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மூலச் சான்றிதழ்த் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தன. இதனால் விண்டோசு இயங்குதளத்தில் இயங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் அவற்றை நம்பின.

நிகழ்வின் போக்கு

- 2014 சூன் 25: கட்டுப்பாட்டாளர் பின்னர் அளித்த தகவலின்படி, முறையற்ற சான்றிதழ்களுள் முதலாவது இந்நாளில் வழங்கப்பட்டது.
- சூலை 2: கூகுளின் பல ஆள்களப் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் இருப்பதை அந்நிறுவனம் அறிந்தது. தேசிய தகவலியல் மையம், இந்தியக் கட்டுப்பாட்டாளர், மைக்ரோசாப்ட் ஆகியோருக்குத் தெரிவித்ததுடன், குரோம் உலாவியில் அச்சான்றிதழ்களைத் தடுத்தது.
- சூலை 3: தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுவிட்டதாகக் கட்டுப்பாட்டாளர் கூகுளுக்குத் தெரிவித்தார். அதற்கேற்பக் குரோம் உலாவியின் தடைப்பட்டியல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.
- சூலை 8: கூகுள் இந்நிகழ்வைப் பொதுவில் அறிவித்தது. அதே நாளில் கட்டுப்பாட்டாளர் தம் விசாரணையின் முடிவுகளைக் கூகுளுக்கு அளித்தார். மையத்தின் சான்றிதழ் வழங்கும் செயல்முறை ஊடுருவப்பட்டது என்றும், நான்கு சான்றிதழ்கள் மட்டுமே முறையின்றி வழங்கப்பட்டன என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அவற்றுள் மூன்று கூகுளின் பெயர்களுக்கும், ஒன்று யாகூவின் பெயர்களுக்கும் உரியவை.
- சூலை 10: மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டு, விண்டோசு இயங்குதளத்தில் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் மீதான நம்பிக்கையை நீக்கியது.

பாதிப்பின் எல்லை

போலிச் சான்றிதழ் கையில் இருப்பது மட்டுமே தாக்குதலுக்குப் போதாது. பயனருக்கும் உண்மையான வழங்கிக்கும் இடையிலுள்ள பாதையில் தாக்குபவர் இடம் பிடிக்கவும் வேண்டும். எடுத்துக்காட்டாக, முட்டத்திலிருந்து ஒருவர் தம் மின்னஞ்சலைத் திறக்கும்போது, அவர் இணைந்துள்ள கம்பியில்லா இணைப்பையோ, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வழங்கியையோ தாக்குபவர் தம் வசப்படுத்தியிருக்க வேண்டும். அவ்விரண்டும் கூடினால், பயனரின் திரையில் சரியான முகவரியும் பூட்டுக் குறியும் தோன்றும். எச்சரிக்கை எதுவும் வராது. இதனாலேயே இவ்வகைத் தாக்குதல், எழுத்துப் பிழையுள்ள முகவரியைக் கொண்டு ஏமாற்றும் வழக்கமான மோசடியிலிருந்து வேறுபடுகிறது. கவனமான பயனராலும் இதைக் கண்டுகொள்ள இயலாது.

2014 நிகழ்வில் எல்லாப் பயனர்களும் ஒரே அளவில் ஆபத்தில் இருக்கவில்லை. பயர்பாக்சு உலாவி தனக்கென ஒரு மூலச் சான்றிதழ்த் தொகுப்பை வைத்திருந்தது. அதில் இந்தியக் கட்டுப்பாட்டாளரின் சான்றிதழ்கள் இடம்பெறாததால் அது பாதிக்கப்படவில்லை. விண்டோசு அல்லாத பிற இயங்குதளங்களில் இயங்கிய குரோம் உலாவியும் பாதிக்கப்படவில்லை. விண்டோசில் இயங்கிய குரோம், கூகுளின் தளங்களுக்கு எந்தத் திறவுகோல்கள் ஏற்புடையவை என்பதைத் தன்னுள்ளேயே பதிந்து வைத்திருந்தமையால், கூகுள் பெயரிலான போலிகளை ஏற்றிருக்காது. ஆனால் விண்டோசின் தொகுப்பை மட்டுமே சார்ந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போன்ற மென்பொருள்களுக்கு இக்காப்பு இல்லை. இச்சான்றிதழ்கள் பரவலாகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை எனக் கூகுள் தெரிவித்தது.

எண்ணிக்கை குறித்த முரண்பாடு

முறையின்றி வழங்கப்பட்டவை நான்கு என்று கட்டுப்பாட்டாளர் அறிவித்தபோதிலும், அந்நான்கில் அடங்காத வேறு சான்றிதழ்களும் தனக்குத் தெரியவந்துள்ளதாகக் கூகுள் கூறியது. எனவே மீறலின் முழு அளவு உறுதிசெய்யப்படவில்லை என்னும் முடிவுக்கு அது வந்தது. பிற தளங்களுக்கும் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருக்கலாம் என மைக்ரோசாப்டின் அறிவுறுத்தலும் எச்சரித்தது.

இந்நிகழ்வின் மையச் சிக்கல் இதுவே ஆகும். போலிச் சான்றிதழ் ஒன்றின் வரிசை எண் தெரிந்தால் அதைத் தடுக்கலாம். அது இருப்பதே தெரியாவிட்டால் தடுக்க வழியில்லை. வழங்கல் பதிவுகள் வழங்கும் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும்போது, அக்கணினியை ஊடுருவியவர் பதிவுகளையும் மாற்ற இயலும். நம்பத்தகுந்த பட்டியல் இல்லாத நிலையில், இடைநிலைச் சான்றிதழ் முழுவதையும் நீக்குவதே எஞ்சும் வழியாகிறது. அவ்வாறு நீக்கும்போது அதன் கீழ் முறையாகச் சான்றிதழ் பெற்ற இணையத்தளங்களும் செல்லுபடியற்றவையாகின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தில் இதே சிக்கல் மேலும் கடுமையான வடிவில் தோன்றியது. அந்நாட்டின் டிஜிநோட்டார் நிறுவனத்தின் அமைப்பு 2011 இல் ஊடுருவப்பட்டு, 531 போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டன. சூலை மாதத்திலேயே ஊடுருவலை அறிந்த அந்நிறுவனம் அதனை வெளியிடவில்லை. ஆகத்து மாத இறுதியில் ஈரானியப் பயனர் ஒருவரின் குரோம் உலாவி காட்டிய எச்சரிக்கையால் உண்மை வெளிப்பட்டது. ஈரானில் ஏறத்தாழ 3,00,000 இணைய முகவரிகளிலிருந்து சென்ற பயனர்கள் கூகுள் பெயரிலான போலிச் சான்றிதழை எதிர்கொண்டதாக விசாரணை அறிக்கை கூறியது. உலாவிகள் அனைத்தும் டிஜிநோட்டாரை நீக்கின. 2011 செப்டம்பரில் அந்நிறுவனம் திவாலானது.

சான்றிதழ் மேலாண்மை மென்பொருளில் எழும் குறைபாடுகள்

சான்றிதழ் வழங்குதல் பெரும்பாலும் மென்பொருளால் தானாகச் செய்யப்படுகிறது. விண்ணப்பத்தைப் பெறுதல், விண்ணப்பித்தவர் அப்பெயருக்கு உரியவரா எனச் சோதித்தல், வரிசை எண் இடுதல், கையொப்பமிடுதல், பதிவு செய்தல், திரும்பப் பெறுதல் ஆகியன இம்மென்பொருளின் பணிகள் ஆகும். இவற்றில் எதில் பிழை நேர்ந்தாலும், கணித அடிப்படை சரியாக இருந்தபோதிலும், நம்பிக்கை தவறான இடத்துக்குச் செல்லும். உலகில் வெளிப்பட்ட சில குறைபாடுகள் பின்வருமாறு.

சோதனையில் பிழை: லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவசச் சான்றளிப்பு அமைப்பு போல்டர் எனும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. எந்த நிறுவனம் தனக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்பதை ஓர் ஆள்கள உரிமையாளர் பெயர்ப் பதிவேட்டில் குறித்து வைக்க இயலும். வழங்கும் நிறுவனம் இக்குறிப்பைச் சோதிப்பது கட்டாயம். ஒரே விண்ணப்பத்தில் பத்துப் பெயர்கள் மறுசோதனைக்கு வந்தால், போல்டர் அவற்றுள் ஒரு பெயரையே பத்து முறை சோதித்தது. வரிசையில் நிற்கும் பத்துப் பேரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டியவர், ஒருவரின் அட்டையையே பத்து முறை பார்த்ததற்கு இது நிகர். 2019 சூலையில் நுழைந்த இப்பிழை 2020 பெப்ரவரி 29 அன்று கண்டறியப்பட்டது. இதனால் 30,48,289 சான்றிதழ்கள் பாதிப்புக்கு உள்ளாயின.

வரிசை எண்ணில் குறைபாடு: சான்றிதழின் வரிசை எண் முன்கூட்டி ஊகிக்க இயலாததாக இருக்க வேண்டும். 2008 திசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர் குழு ஒன்று, எம்டி5 என்னும் பழைய வழிமுறையின் பலவீனத்தையும், ஒரு நிறுவனம் வரிசை எண்களைத் தொடர்ச்சியாக இட்டதையும் பயன்படுத்திப் போலியான இடைநிலைச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கிக் காட்டியது. இக்கணிப்புக்கு ஏறத்தாழ 200 பிளேஸ்டேசன் 3 விளையாட்டுக் கருவிகள் பயன்பட்டன. பின்னர் வரிசை எண்ணில் குறைந்தது 64 பிட்டுகள் தற்போக்காக அமைய வேண்டும் என விதிக்கப்பட்டது. எனினும், பல நிறுவனங்கள் பயன்படுத்திய இஜேபிசிஏ என்னும் மென்பொருளின் இயல்பு அமைப்பில் 63 பிட்டுகள் மட்டுமே தற்போக்காக அமைந்தன என்பது 2019 இல் தெரியவந்தது. எண் நேர்ம எண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காக முதல் பிட் எப்போதும் சுழியாக இடப்பட்டதே காரணம். நடைமுறையில் தாக்குதல் எதுவும் எழாவிடினும், விதியின்படி இலட்சக்கணக்கான சான்றிதழ்கள் மாற்றப்பட வேண்டியிருந்தது.

பிறருக்கு அளித்த அதிகாரம்: 2011 மார்ச்சில் கொமோடோ நிறுவனத்தின் சார்பில் விண்ணப்பங்களைச் சரிபார்த்து வந்த ஒரு கூட்டாளி நிறுவனத்தின் கணக்கு களவாடப்பட்டது. அதன் வழியாகக் கூகுள், யாகூ, ஸ்கைப் முதலிய பெயர்களுக்கு ஒன்பது சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. வட்டாட்சியரின் முத்திரை பத்திரமாக இருந்தும், பரிந்துரைப்பவரின் கையொப்பம் திருடப்பட்டதற்கு இதனை ஒப்பிடலாம்.

திரும்பப் பெறுதலின் வரம்புகள்

சான்றிதழ் ஒன்றைத் திரும்பப் பெற்றதாக அறிவித்த உடனேயே அது உலகெங்கும் செயலிழந்துவிடுவதில்லை. உலாவி அச்செய்தியை அறிய வேண்டும். இதற்கென நீக்கப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலும், ஒவ்வொரு சான்றிதழின் நிலையையும் உடனுக்குடன் கேட்டறியும் முறையும் உருவாக்கப்பட்டன. ஆனால் கேட்டறிய இயலாதபோது பல உலாவிகள் சான்றிதழைச் செல்லுபடியானதாகவே கொண்டன. இணைப்பின் நடுவில் இருக்கும் தாக்குபவர், வினவலைத் தடுத்துவிட்டால் போதும். இதனாலேயே 2014 இல் குரோமும் விண்டோசும் தடைப்பட்டியலைத் தாங்களே பயனரின் கணினிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இற்றைப்படுத்தப்படாத கணினிகளுக்கு இக்காப்பு சென்று சேர்வதில்லை.

பின்விளைவுகள்

இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழைக் குரோம் முற்றிலும் நீக்கவில்லை. மாறாக, அரசுத் தளங்கள், தேசிய தகவலியல் மையம், இந்தியக் கல்வி நிறுவனங்கள், இந்திய ரிசர்வ் வங்கி, பாங்க் ஆஃப் இந்தியா, என்கோட், டிசிஎஸ் ஆகியவற்றின் ஏழு பெயர்ப் பிரிவுகளுக்கு மட்டும் அதனை ஏற்பது என முடிவு செய்தது. வட்டாட்சியருக்கு உள்ளதைப் போன்ற எல்லை ஒன்று, இவ்வகையில் ஒரு மூலச் சான்றிதழுக்கு வகுக்கப்பட்டது.

பொதுவான தீர்வாக வளர்ந்தது சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்னும் முறை ஆகும். இதன் முதல் வரையறை 2013 சூன் மாதம் வெளியிடப்பட்டது. இதன்படி, வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் பார்க்கக்கூடிய பதிவேடுகளில் இடம்பெற வேண்டும். இப்பதிவேட்டில் சேர்க்க மட்டுமே இயலும். இடையிலுள்ள ஒரு பதிவை நீக்கினாலோ மாற்றினாலோ கணித முறையில் அது வெளிப்பட்டுவிடும். 2018 ஏப்ரல் 30 க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்கள் அனைத்துக்கும் குரோம் இதனைக் கட்டாயமாக்கியது. இம்முறை போலிச் சான்றிதழ் வழங்கப்படுவதைத் தடுப்பதில்லை. ஆனால் அது மறைந்திருப்பதைக் கடினமாக்குகிறது. "எத்தனை வழங்கப்பட்டன?" என்னும் கேள்விக்கு, ஊடுருவப்பட்ட நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலையை மாற்றியதே இதன் சிறப்பு.

சான்றிதழின் ஆயுளைக் குறைப்பது மற்றொரு வழி ஆகும். 2020 செப்டம்பர் முதல் உயர்ந்தபட்சக் காலம் 398 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இதனைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் 15 முதல் 47 நாட்களாக்கச் சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி உருவாக்குநர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. தவறாக வழங்கப்பட்ட சான்றிதழ், திரும்பப் பெறப்படாவிடினும் விரைவில் காலாவதியாகும் என்பதே இதன் நோக்கம்.

பயனர்களும் தள உரிமையாளர்களும் செய்யக்கூடியவை

- உலாவியையும் இயங்குதளத்தையும் இற்றைப்படுத்தி வைத்தல். தடைப்பட்டியல்கள் இவ்வழியாகவே வந்து சேர்கின்றன.
- சான்றிதழ் குறித்து உலாவி எச்சரித்தால், அதைக் கடந்து உள்நுழையாதிருத்தல். டிஜிநோட்டார் மீறல் வெளிப்பட்டது இத்தகைய ஓர் எச்சரிக்கையைப் பயனர் ஒருவர் பொருட்படுத்தியதாலேயே என்பது குறிப்பிடத்தக்கது.
- அறியாத இடத்திலிருந்து வரும் மூலச் சான்றிதழ்களைக் கணினியில் நிறுவாதிருத்தல். அவ்வாறு நிறுவப்படும் ஒன்று, எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றளிக்கும் ஆற்றலைப் பெறுகிறது.
- தள உரிமையாளர்கள் தம் பெயருக்குச் சான்றளிக்கத்தக்க நிறுவனத்தைப் பெயர்ப் பதிவேட்டில் குறித்து வைத்தல். தம் பெயரில் புதிய சான்றிதழ் எதுவும் தோன்றியுள்ளதா என வெளிப்படைப் பதிவேடுகளை அவ்வப்போது பார்த்தல்.

பூட்டுக் குறி, தளத்தின் பெயரை ஒரு சான்றளிப்பு நிறுவனம் உறுதிப்படுத்தியுள்ளது என்பதை மட்டுமே காட்டுகிறது. தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதை அது காட்டுவதில்லை.

இவற்றையும் பார்க்க

- பொதுத் திறவுகோல் மறையாக்கம்
- எண்ணிமக் கையொப்பம்
- தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000
- தேசிய தகவலியல் மையம்
- சான்றிதழ் வெளிப்படைத்தன்மை